விரியாத கை: பக்கவாதத்துக்குப் பின் அணியும் கருவிகள்

பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் எப்படியோ நடந்துவிடுகிறார்கள். காலை இழுத்து, கோலை ஊன்றி, சுவரைப் பிடித்தாவது கழிவறைக்குப் போய் வருகிறார்கள். கைதான் வருவதில்லை. முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புகுந்து, மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் மூடிக்கொள்ள, கை மார்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. நடு மூளைத் தமனியில் அடைப்பு ஏற்படும்போது கைக்கும் முகத்துக்கும் உரிய மூளைப் புறணியே அதிகம் அடிபடுகிறது என்பது ஒரு காரணம். நடப்பதற்குத் தொடை, இடுப்பின் பெரிய தசைகள் ஓரளவு மீண்டாலே போதும். சட்டைப் பொத்தானை மாட்ட ஒவ்வொரு விரலும் தனித்தனியே சொன்னபடி கேட்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1.22 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது என்றும், அதோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. இவர்களின் கைகள் என்ன ஆகின்றன? நெதர்லாந்தில் க்வாக்கெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் கை துவண்டு கிடந்த 102 பேரைப் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்தில் ஓரளவாவது கைத்திறன் பெற்றவர்கள் 38 சதவீதம். முழுதாகப் பெற்றவர்கள் 12 சதவீதத்துக்கும் குறைவு. அதே நாட்டில் 2010இல் வந்த இன்னோர் ஆய்வு, முதல் 72 மணி நேரத்துக்குள் தோளை விலக்கவும் விரலைச் சற்றே நீட்டவும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம் என்றும், இரண்டும் முடியாதவர்களுக்கு அது 25 சதவீதம் என்றும் கண்டது. விரல் நீள்கிறதா என்ற அந்தச் சின்னச் சோதனையில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

இந்தக் கைக்கு அணியத்தக்க கருவி ஒன்றைச் செய்யும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ஸ்பிரிங், காற்றழுத்தம், கேபிள், மின்தூண்டல், மூளை அலை என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் மனிதர்கள் முயன்றுவிட்டார்கள். இவற்றை வரிசையாகப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: எந்த மோட்டார், எந்த சென்சார் என்பதில் இம்முயற்சியின் கடினம் இல்லை. மூடிய விரலை எப்படித் திறப்பது, அந்தக் கையில் கருவியை யார், எப்படி மாட்டுவது, மாட்டியபின் நாளுக்கு எத்தனை முறை கை அசையும் என்பவற்றில் இருக்கிறது.

பிடிக்க வருகிறது, விட வரவில்லை

பக்கவாதத்துக்குப் பின் கை மீளும் வரிசையை 1951இல் ட்விட்செல் விரிவாகப் பதிவு செய்தார். பின்னர் சிக்னி புருன்ஸ்ட்ராம் என்ற இயன்முறை மருத்துவர் அதைப் படிநிலைகளாக வகுத்தார்; இன்றும் பிசியோதெரபி மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். தொடக்கத்தில் கை துணிபோல் தொங்கும். பிறகு தசையில் இறுக்கம் ஏறும். தோள், முழங்கை, விரல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே மடங்கும். ஒன்றை மட்டும் தனியே அசைக்க முடியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கே விரல்கள் மெல்லத் தனித்தனியாக வேலை செய்யத் தொடங்கும். பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களால் டம்ளரைப் பிடிக்க முடிகிறது. பிடித்ததை விட முடிவதில்லை. மற்றக் கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கருவி செய்பவர் முதலில் கேட்க வேண்டியது திறப்பதற்கான விசை எவ்வளவு என்பதே. அன்றாடப் பொருள்களைப் பிடிக்க 10 முதல் 15 நியூட்டன் விசை போதும் என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. இறுகிய விரலைத் திறக்க வேண்டிய விசை ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் தளர்ந்திருக்கும் கை, கொட்டாவி விடும்போதும், குளிரிலும், பதற்றத்திலும், எழுந்து நிற்க முயலும்போதும் இறுகிக்கொள்ளும். இந்த இறுக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. இழுக்கும் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். மெல்ல நீட்டினால் இணங்கும் விரல், வெடுக்கென்று இழுத்தால் முறைத்துக்கொள்ளும். வேகமான மோட்டாரைப் பூட்டிய கையுறை தானே தனக்கு எதிரியை உண்டாக்கிக்கொள்வது இப்படித்தான்.

மணிக்கட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன; அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. வாசகர் தம் கையிலேயே பார்க்கலாம். கையைத் தளர்த்தி மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தினால் விரல்கள் தாமே சுருளும். கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தாமே விரியும். இறுகிய முஷ்டியைத் திறக்க பிசியோதெரபிஸ்டுகள் முதலில் மணிக்கட்டை மடக்குவது இதனால்தான். ஆனால் ஒரு பொருளை உறுதியாகப் பிடிக்க மணிக்கட்டு 20 முதல் 30 பாகை வரை நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிர்த்தினால் விரல் திறக்க மறுக்கிறது. தொங்கவிட்டால் பிடி வலுவிழக்கிறது. விரலுக்கு மட்டும் கருவி செய்து மணிக்கட்டை அதன் போக்கில் விட்டவர்கள் எல்லாம் இந்தச் சிக்கலில்தான் போய் முட்டினார்கள்.

கட்டைவிரலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையின் செயலில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் கட்டைவிரலுடையது என்று கை அறுவை மருத்துவர்கள் கணக்கிடுவது வழக்கம். அதன் அடிமூட்டு நீட்டி மடக்குவதோடு நில்லாமல், உள்ளங்கைக்குக் குறுக்கே சுழன்று வந்து மற்ற விரல்களை எதிர்கொள்கிறது. எந்திரத்தால் பின்பற்றக் கடினமான அசைவு இது. பல கருவிகள் அதைப் பிடிப்புக்குத் தோதான ஒரே நிலையில் நிறுத்திவைத்துவிட்டு, எதிரே மற்ற விரல்களை மட்டும் அசைக்கின்றன. சோம்பல் என்று தோன்றலாம். என் கணிப்பில் அது நல்ல முடிவு.

மாட்டுவது

கருவி பற்றிய ஆய்வறிக்கைகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த வேலை, வீட்டில் நாள்தோறும் நடக்கும் போராட்டம். இறுகிய கையில் ஐந்து விரல் கையுறையை மாட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

நோயாளியை உட்காரவைத்து, முழங்கையைத் தலையணைமேல் தாங்க வேண்டும். மணிக்கட்டை மெல்ல மடக்க வேண்டும். அப்போது விரல்கள் சற்றுத் தளரும். கட்டைவிரலை நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பகுதியில் சதைப்பற்றுள்ள மேட்டைப் பிடித்து வெளிநோக்கிக் கொண்டுவர வேண்டும். அது வெளியே வந்ததும் மற்ற விரல்கள் ஒருபடி இளகும். அந்த நேரத்தில் சுண்டுவிரல் பக்கமிருந்து உள்ளங்கைக்குள் நம் விரல்களை நுழைத்துத் திறந்து, அப்படியே பிடித்துக்கொண்டு மணிக்கட்டை நிமிர்த்த வேண்டும். இதற்கே இரண்டு கை போதவில்லை. இனிதான் கையுறையை எடுக்க வேண்டும். சுண்டுவிரல் மோதிரவிரலின் உறைக்குள் போய்விடும். நடுவிரல் உள்ளேயே மடங்கிக்கொள்ளும். உணர்ச்சி மரத்த கையானால் விரல் எங்கே சிக்கியிருக்கிறது என்று நோயாளியாலும் சொல்ல முடியாது. கால் மணி நேரம் போராடியபின் பயிற்சிக்கு மனமும் இராது, பொறுமையும் இராது.

மூடிய விரல் உறைகளைக் கைவிட்டுத் திறந்த வளையங்கள், வெல்க்ரோ பட்டைகள், புறங்கைமேல் வைத்து அழுத்தும் தகடு என்று நல்ல கருவிகள் மாறியதன் பின்னணி இதுதான். உள்ளங்கையும் விரல் நுனிகளும் திறந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பிடிக்கும் பொருளின் சூடு, சொரசொரப்பு, எடை ஆகியவை தோல் வழியாக மூளைக்குப் போக வேண்டும். மீட்சிப் பயிற்சியின் பாதி அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. நுனியை ரப்பரால் மூடிவிட்டு மூளையைப் பழக்க முயல்வதில் அர்த்தமில்லை.

தகட்டிலிருந்து மூளை அலை வரை

மிகப் பழைய கருவி அசையாத ஸ்பிளின்ட். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையிலேயே வடிவாக்கி, விரல்கள் விரிந்தபடி இரவெல்லாம் கட்டிவைப்பது. கை சுருங்கிப்போகாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் உலகெங்கும் கொடுத்தார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவில் லானின் குழுவினர் 63 பேரிடம் நான்கு வாரம் சோதித்தார்கள்: ஒரு பிரிவுக்கு மணிக்கட்டு நேராக, ஒரு பிரிவுக்கு நிமிர்ந்து, ஒரு பிரிவுக்கு ஸ்பிளின்ட்டே இல்லை. சுருக்கத்தைத் தடுப்பதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. உள்ளங்கைத் தோலைக் காக்க, நகம் குத்தாமல் இருக்க, வலியைக் குறைக்க ஸ்பிளின்ட் சிலருக்குப் பயன்படலாம். கட்டிவைத்தால் மட்டும் கை திரும்பிவிடாது என்பது அன்றோடு தெளிவாயிற்று.

அசையும் கருவிகளின் கதையில் ஒரு விசித்திரமான மனிதர் வருகிறார். ஜோசப் மெக்கிபன் அமெரிக்க இயற்பியலாளர். லாஸ் அலமாஸில் பணியாற்றியவர். 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது வெடிப்புக்கான தானியங்கி நேரக்கருவியை இயக்கிவைத்தவர். அவர் மகளுக்குப் போலியோவால் கை செயலிழந்தது. 1950களின் பிற்பகுதியில், பின்னலுறைக்குள் ரப்பர்க் குழாயை வைத்து அதில் வாயுவை நிரப்பினால் குழாய் பருத்து நீளத்தில் குறுகும் என்பதைப் பயன்படுத்தி, மகளின் விரல்களை அசைக்கும் செயற்கைத் தசையைச் செய்தார். மென் ரோபோக்கள் என்று இன்று பேசப்படும் துறைக்கு அந்தத் தசை ஒரு முன்னோடி. ஹார்வர்டில் கானர் வால்ஷ் ஆய்வகம் 2015இல் வெளியிட்ட கையுறை, திரவ அழுத்தத்தில் வளையும் மென்குழாய்களை விரல்களின் முதுகில் பொருத்தியது. இவ்வகையின் நன்மை, மூட்டின் அச்சோடு துல்லியமாகப் பொருந்த வேண்டியதில்லை என்பது. குறை, பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும். அவற்றை இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது மேசையில் வைக்க வேண்டும், இரைச்சலும் உண்டு.

ஸ்பிரிங்கை நம்பியவர்கள் வேறு வழியில் போனார்கள். 2001இல் அமெரிக்காவில் இரண்டு தொழில்வழி சிகிச்சையாளர்கள் தொடங்கிய சேபோ நிறுவனத்தின் கருவியில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. விரல் நுனிகளில் தொப்பி, புறங்கையில் ஸ்பிரிங். நோயாளி தன் சக்தியில் விரலை மடக்கிப் பந்தைப் பிடிக்கிறார். தளர்த்தியதும் ஸ்பிரிங் விரலைத் திறந்துவிடுகிறது. மீளும் வரிசையில் மடக்குதல் முதலிலும் நீட்டுதல் பின்னாலும் வருவதை இக்கருவி அப்படியே எடுத்துக்கொள்கிறது: இருப்பதை நோயாளி செய்ய வேண்டும், இல்லாததைக் கருவி செய்யும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லம் குழு 2011இல் வெளியிட்ட ஹேண்ட்சம் என்ற கருவியும் ஸ்பிரிங்தான். கட்டைவிரலும் மற்ற விரல்களும் இணைப்புத் தண்டுகளால் ஒன்றாகத் திறந்து மூடும்படி அதில் கோத்திருந்தார்கள். இவ்வகையின் எல்லையும் தெளிவானது. விரலை மடக்கவே முடியாதவருக்கு இவை உதவாது. ஸ்பிரிங் வலுவாக இருந்தால் மடக்க முடியாது, தளர்வாக இருந்தால் திறக்காது. ஆளுக்கேற்ப அடிக்கடி மாற்றித் தர ஒருவர் வேண்டும்.

கேபிள் வகையில் மோட்டார் விரலிலிருந்து தொலைவில் உட்காரும். சைக்கிள் பிரேக் வயரைப் போல உறைக்குள் ஓடும் கம்பி விசையைக் கொண்டுவரும். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கியூ ஜின் சோ குழு செய்த எக்ஸோ குளோவ், மனிதத் தசைநாணின் அமைப்பையே பின்பற்றியது. சூரிக் ஈ.டி.எச். நிறுவனத்தின் டெனோஎக்ஸோ 2020இல் வெளியானபோது கையில் அமரும் பகுதி 148 கிராம்தான். மோட்டார்களும் பேட்டரியும் முதுகுப் பையில். எடை ஏன் இவ்வளவு முக்கியம்? பக்கவாதக் கையில் தோள்மூட்டு பெரும்பாலும் தளர்ந்து கீழிறங்கியிருக்கும். நீட்டிய கையின் நுனியில் அரைக் கிலோவைக் கட்டினால் தோள் அதைத் தாங்க வேண்டும். வலி முதலில் அங்கேதான் வரும்.

மின்தூண்டல் கருவிகள் எந்தத் தண்டும் கேபிளும் இல்லாமல், முன்கைத் தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியே நோயாளியின் தசையையே வேலை செய்யவைக்கின்றன. இஸ்ரேலில் உருவான நெஸ் ஹேண்ட்மாஸ்டர் இவ்வகையில் பெயர்பெற்றது. ஆனால் மின்தூண்டலில் சீக்கிரம் களைக்கும் தசையிழைகளே முதலில் இயங்குவதால் கை விரைவில் சோர்ந்துவிடும். மின்முனை ஒரு விரற்கடை விலகினாலும் வேறு விரல் நீளும். தசையின் சிறு மின்குறிப்பை, அதாவது ஈ.எம்.ஜி.யைப் படித்து மோட்டாரை ஓட்டும் கருவிகளும் உண்டு. அவற்றுக்குச் சிக்கல், பக்கவாதக் கையில் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் குறிப்பு அனுப்புவது. நோயாளி திறக்க நினைக்கிறாரா மூட நினைக்கிறாரா என்று கருவி குழம்பும்.

இந்த வரிசையில் அண்மையது மூளை அலை. செயின்ட் லூயிஸில் உருவான இப்சிஹேண்ட் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2021 ஏப்ரலில் அனுமதி தந்தது. பாதிக்கப்படாத பக்கத்து மூளையில் எழும் அசைவு எண்ணத்தைத் தலைக்கருவி படித்து, விரல்களைத் திறக்கும் எந்திரத்துக்குச் சொல்கிறது. நினைத்த அதே நொடியில் கை அசைவதால் நினைப்புக்கும் அசைவுக்கும் இடையே புதிய வழி பழகும் என்பது எதிர்பார்ப்பு. கருத்து அழகானது. விலையும் பராமரிப்பும் நம் வீடுகளுக்கு எட்டாதவை.

கருவி இல்லாமலும் கருவியோடும்

அசையாத கையை அசைக்கவைப்பதில் இதுவரை வலுவான சான்று பெற்ற முறை ஒன்றில் கருவி எதுவும் இல்லை. எட்வர்ட் டாப் வகுத்த கட்டுப்பாட்டுச் சிகிச்சையில் நல்ல கைக்கு உறை போட்டுவிடுவார்கள். கெட்ட கையாலேயே எல்லா வேலையும் செய்ய வேண்டும். 2006இல் வெளியான எக்சைட் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் இது வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவாக மேம்பட்டது. ஆனால் அதில் சேர மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமே நீட்ட முடிந்திருக்க வேண்டும். முடியாதவர்களே பெரும்பான்மை. அணியும் கருவிக்கு மருத்துவத்தில் நியாயமான இடம் அந்த வாசலில்தான் இருக்கிறது: பயிற்சிக்குத் தகுதி பெறாத கையை அதற்குத் தகுதியாக்குவது.

ரோபோக்களின் சான்று அவ்வளவு இனிப்பானதில்லை. எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் உருவாக்கிய மேனஸ் ரோபோவை வைத்து பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரோபோ பயிற்சி, அதே அளவு நேரம் சிகிச்சையாளர் கையால் தந்த பயிற்சி, வழக்கமான கவனிப்பு என்று மூன்று பிரிவு. கையின் பயன்பாட்டில் ரோபோ வழக்கமான கவனிப்பைவிட மேம்படவில்லை. 2018இல் 45 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, ரோபோ பயிற்சி கையின் செயலையும் வலுவையும் ஓரளவு கூட்டுகிறது என்றது. அந்த ஓரளவு நோயாளியின் வாழ்வில் எவ்வளவு தெரியும் என்பதில் கேள்வி நிற்கிறது. கையின் அசைவை அளக்கும் ஃபூகல் மேயர் அளவுகோலில் மொத்தம் 66 புள்ளி. அதில் ஐந்து புள்ளியாவது கூடினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மூன்று புள்ளி உயர்வைக் கொண்டாடும் கருவி அறிக்கைகள் பல.

அப்படியானால் கருவி எதற்கு? என் பதில், எண்ணிக்கைக்கு. காதரின் லாங் குழு 2009இல் அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. ஓர் அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளில் மூளையின் வரைபடம் மாறியதாகக் காட்டிய சோதனைகளில் நாளுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள் நடந்தன. சிகிச்சையாளர் இல்லாத வேளையிலும், வீட்டுத் திண்ணையிலும், கை முந்நூறு முறை திறந்து மூட ஒரு கருவி வழி செய்தால் அதன் வேலை முடிந்தது. ஒரு நிபந்தனை உண்டு. கருவி தானே விரலை ஆட்டிக்கொண்டிருக்க, நோயாளி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முந்நூறும் வீண். முயற்சி நோயாளியுடையதாக இருக்க வேண்டும். கருவி குறையை மட்டும் நிரப்ப வேண்டும்.

எண்ணிக்கையை வீட்டாரிடம் ஒப்படைத்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தியாவிலேயே அதற்கு விடை கிடைத்திருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான அட்டெண்ட் ஆய்வில், குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்து வீட்டில் மறுவாழ்வைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாதத்தில் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலும் மரணத்திலும் எந்த மாற்றமும் இல்லை. அன்பும் அக்கறையும் குறைந்ததால் அல்ல. மனைவிக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே இருக்கும் சுமைமேல் சிகிச்சையாளர் வேலையையும் ஏற்ற முடியாது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நம் பக்கம்

கையைப் பற்றிய அறிவில் தமிழ்நாட்டுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். உணர்ச்சியற்ற தோலில் புண் வருவதற்குப் பெரிய அடி தேவையில்லை, மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டாலே போதும் என்று அவர் காட்டியது, பக்கவாதக் கைக்குப் பட்டை கட்டும் எவரும் மறக்கக் கூடாத பாடம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இல்லாத கையின் வலிக்குக் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டியைப் பக்கவாதத்துக்கும் முயன்றார். அவரும் பங்கேற்ற ஆய்வு, ஒன்பது நோயாளிகளோடு, 1999இல் லான்செட்டில் வந்தது. நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி கெட்ட கையை அசைக்க முயல்வது. 2018இல் 62 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு இதை ஆதரித்தது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி செய்யும் இந்த வேலையைப் பார்க்கும்போது, பல லட்ச ரூபாய்க் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் அடக்கத்தோடு பேசத் தோன்றுகிறது.

வேலூர் கல்லூரியும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ, கையில் அணிவதில்லை, மேசையில் வைப்பது. ஆனால் இங்கே குறிப்பிடத் தக்கது. ஒரே மோட்டார், பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டு, முன்கைச் சுழற்சி, விரல் திறப்பு என்று ஒவ்வொன்றாகப் பயிற்சி செய்யலாம். ஐந்து விரலுக்கு ஐந்து மோட்டார் என்ற ஆசையை விட்டதால்தான் அது சிறிதாகவும், வீட்டுக்கு எடுத்துப் போகத் தக்கதாகவும் ஆனது.

ஆனால் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டங்களில் அந்த ஆசை விடவில்லை. நைலான் கையுறை, தூண்டில் நரம்பு, ஐந்து சர்வோ மோட்டார், அவற்றை இயக்க ஓர் ஆர்டுயினோ பலகை. இன்னொரு கையில் ஃப்ளெக்ஸ் சென்சார் பொருத்திய கையுறை. இதை மடக்கினால் அது மடங்கும். செய்த மாணவரின் தளர்ந்த, இளமையான கையில் அழகாக வேலை செய்யும். அதிலுள்ள தவறு நுணுக்கமானது. தூண்டில் நரம்பு பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கம் ஓடும், மூடுவதற்காக. மூடிக் கிடக்கும் கைக்கு மூடும் கருவி எதற்கு? புறங்கைப் பக்கம் ஓட்டினாலும் வேறு தொல்லை வரும். விரலை மடக்கும்போது முதுகுப் பக்கத்து நீளம் கூடுகிறது; நூலை விரலின் முதுகில் நகம்வரை வைத்து, முஷ்டி மடக்கிப் பார்த்தால் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கேபிள் விட்டுக்கொடுக்க வேண்டும். நெகிழும் துணியில் நரம்பைக் கட்டினால் மோட்டாரின் விசை விரலுக்குப் போகாமல் துணியை இழுப்பதிலேயே தீரும். விரல் பின்னுக்கு வளையாமல் நிறுத்தும் தடுப்பு மென்பொருளில் மட்டும் இருக்கிறது. நிரல் தடுமாறினால் மூட்டு போய்விடும். அது எந்திரத்திலேயே, ஒரு கட்டையாக, இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வடிவங்களை அப்படியே எடுத்தாலும் பொருந்தாத இடங்கள் உண்டு. அவை கிளாஸைப் பிடிக்க, முள்கரண்டியைப் பிடிக்க என்று அளவெடுத்தவை. இங்கே கை செய்ய வேண்டிய முதல் வேலை சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது. வலக்கை போனவர் இடக்கையால் சாப்பிடக் கூசி, பந்திக்கே வராமல் இருந்துவிடுவது நம் வீடுகளில் காணும் காட்சி. விரல் நுனியில் தொப்பியும் உள்ளங்கையில் பட்டையும் உள்ள கருவியோடு யாரும் குழம்புச் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். வேட்டி முடிவது, சேலைக் கொசுவம் மடிப்பது, வாளியைத் தூக்குவது ஆகியவை வேறு வேறு பிடிகள். சித்திரை வெயிலில் நியோப்ரீன் உறைக்குள் கை அரை மணியில் நனைந்துவிடும். நனைந்த தோலில் பட்டை உராய்ந்தால் பிராண்ட் சொன்னது நடக்கும். கழற்றித் துவைக்க முடியாத உறை ஒரு மாதத்தில் நாற்றம் தாங்காமல் மூலைக்குப் போகும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். ஸ்பிரிங்கை ஆளுக்கேற்ப மாற்றித் தர ஒருவர் வேண்டும் என்று மேலே சொன்னேன்; பட்டையின் தழும்பைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே வாசலுக்கு வருகிறார். மோட்டார் இல்லாத, பேட்டரி இல்லாத, மூன்று அளவுகளில் ஒரு ஸ்பிரிங் கருவியை அவர் பையில் போட்டுக் கொடுத்தால், கிராமத்துக் கைகளுக்குப் போய்ச் சேரும். மோட்டார் வைத்தவை மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கட்டும், விரலை மடக்கவும் முடியாதவர்களுக்காக. இந்திய மருத்துவக் கருவி விதிகள் 2017 கருவிகளை ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. மின்சாரம் இல்லாத எளிய கருவிக்கு அனுமதி பெறும் வழியும் சுலபம்.

இணையக் கடைகளில் இப்போது காற்றழுத்தக் கையுறைகள் வரிசையாக விற்கின்றன. வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால் விளம்பரம் உங்களைத் தேடியே வரும். வாங்கும் முன், கையைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்தக் கைக்குத் தேவை ஸ்பிரிங்கா, மோட்டாரா, வெறும் பயிற்சியா, அல்லது முதலில் இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியா என்று. பிறகு கருவியை நோயாளியின் கையிலேயே, பகலில் உடனிருக்கப்போகிறவரே மாட்டிப் பார்க்கட்டும். ஐந்து நிமிடத்துக்குள் மாட்ட முடியவில்லை என்றால் வேண்டாம். அரை மணி அணிந்தபின் கழற்றித் தோலைப் பாருங்கள். இருபது நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் வேண்டாம். இப்படிச் சோதித்துப் பார்க்க இடம் தராத விற்பனையாளரிடம் எதையுமே வாங்க வேண்டாம்.